அமரோனே: பரணில் வாடும் திராட்சையிலிருந்து கிண்ணம் வரை – முழுமையான வழிகாட்டி

உலர்ந்த திராட்சையில் செய்யும் ஒயின் என்றதும் பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமரோனே என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினுக்குப் போகும் திராட்சை அந்த அளவுக்குக் காய்வதில்லை. மூன்று, நான்கு மாதம் நிழலில் காற்றாடக் கிடந்து, எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்து, தோல் சுருங்கியிருக்கும்; விரலால் அழுத்தினால் உள்ளிருந்து பாகு போன்ற சாறு கசியும். ‘உலர்ந்த’ என்பதைவிட ‘வாடிய’ என்பதே பொருத்தமான சொல். இத்தாலியர் இந்த வாட்டும் முறையை அப்பஸிமெந்தோ என்கிறார்கள். இதில் வெயிலுக்கு வேலையே இல்லை. வெயிலில் காயவைத்துச் செய்யும் ஒயின்கள் தெற்கே பாந்தெல்லேரியா தீவில் உண்டு. அது வேறு கதை.

அமரோனேவின் ஊர் வால்பொலிச்செல்லா. வடகிழக்கு இத்தாலியில் வெரோனா நகருக்கு வடக்கே, மேற்கில் கார்தா ஏரிக்கும் மேலே லெஸ்ஸினி மலைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்குகள். நெக்ரார், மரானோ, ஃபுமானே, சான்த்’அம்ப்ரோஜோ, சான் பியேத்ரோ இன் காரியானோ என்ற ஐந்து ஊர்ப் பகுதிகளும் சேர்ந்ததுதான் பழைய ‘கிளாசிகோ’ வட்டாரம். கிழக்கே வால்பந்தேனா, இல்லாசி பள்ளத்தாக்குகளிலும் இதைச் செய்கிறார்கள்.

வாட்டிய திராட்சையில் இங்கே முதலில் செய்தது இனிப்பு ஒயின். 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரோகோத் அரசவையில் அமைச்சராக இருந்த காசியோதோரஸ், திராட்சையைப் பறித்துத் தொங்கவிட்டு டிசம்பர்வரை வைத்திருந்து பிழியும் ஒயினைப் பற்றித் தன் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். அந்த மரபில் வந்த இனிப்பு ஒயினின் இன்றைய பெயர் ரெச்சோத்தோ. அதில் நொதித்தல் பாதியில் நின்று சர்க்கரை மிஞ்சும். சில பீப்பாய்களில் ஈஸ்ட் நிற்காமல் சர்க்கரை முழுவதையும் தின்றுவிட, ஒயின் இனிப்பில்லாமல் கசப்பு தட்டியது. 1936-இல் நெக்ரார் கூட்டுறவு ஒயின் ஆலையில் மறந்துபோன பீப்பாய் ஒன்றைத் திறந்து சுவைத்த அதெலினோ லுக்கேசே, இது வெறும் கசப்பல்ல, ‘பெருங்கசப்பு’ என்று வியந்ததாக ஊரில் சொல்வார்கள். அமாரோ என்றால் கசப்பு. அமரோனே அதன் பெருக்கம். ஆக, ரெச்சோத்தோ செய்பவரின் கண்ணில் பிழையாகப் பட்டதுதான் இந்த ஒயின். 1968-இல் வால்பொலிச்செல்லாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2010-இல் அமரோனே இத்தாலியின் உச்சத் தரவரிசையான டி.ஓ.சி.ஜி.யை எட்டியது.

முதல் படி: எந்தத் திராட்சை

இது ஒற்றை ரக ஒயின் அல்ல. விதிப்படி கொர்வினா 45 முதல் 95% வரை இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கொர்வினோனேவால் ஈடுகட்டலாம். ரொந்தினெல்லா 5 முதல் 30% வரை. அனுமதிக்கப்பட்ட மற்ற சிவப்பு ரகங்கள் எல்லாம் சேர்த்து 25%-ஐத் தாண்டக் கூடாது.

கொர்வினாதான் முதுகெலும்பு. தடித்த தோல், செர்ரிப் பழ வாசனை, நல்ல புளிப்பு. தோல் தடிமனாக இருப்பதால் நீர் மெல்ல வெளியேறும். நூறு நாள் கிடந்தாலும் சட்டென்று வெடிக்காது. கொர்வினோனேவை வெகுகாலம் கொர்வினாவின் பெரிய உருவம் என்றே நினைத்திருந்தார்கள். தனி ரகம் என்பது பிறகுதான் தெளிவானது. ரொந்தினெல்லா சுவையில் பெரிதாகப் பேசாது, ஆனால் நோய் தாங்கும், பரணில் நம்பி வைக்கலாம். மொலினாரா ஒருகாலத்தில் கட்டாயமாக இருந்தது. நிறம் வெளிறியிருப்பதால் இப்போது பலர் விட்டுவிட்டார்கள். துவர்ப்பும் நிறமும் கூடுதலாக வேண்டுபவர்கள் சிறு மணிகள் கொண்ட ஒசெலேத்தாவைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள்.

கொர்வினா கொடியில் அடிமொட்டுகள் காய்ப்பதில்லை. அதனால் கிளையை நீளமாக ஓடவிட வேண்டும். வெரோனாக்காரர்கள் பந்தல் போட்டு வளர்ப்பதற்கு ஒரு காரணம் இது. கொத்துகள் பந்தலுக்குக் கீழே நிழலில் தனித்தனியாகத் தொங்குவதும் காற்றோட்டம் கிடைப்பதும் வாட்டலுக்கு ஏற்ற இன்னொரு வசதி.

இரண்டாம் படி: பறிப்பு

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை. கையால்தான் பறிக்க முடியும். ஒரு ஹெக்டேருக்கு 12 டன்வரை விளைச்சல் அனுமதி. அதிலும் 65%-ஐத்தான் பரணுக்கு அனுப்பலாம். மீதி சாதாரண வால்பொலிச்செல்லா ஒயினுக்குப் போகும்.

பறிப்பவர் கொத்தைக் கையில் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மணிகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் பெட்டிக்குள். நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் வேண்டாம். நெருக்கமான கொத்தின் நடுவில் காற்று புகாது. அங்கே ஒரு மணி உடைந்தால் பத்து நாளில் கொத்தே பூஞ்சையாகிவிடும். கொத்தின் மேற்புறம் காதுபோல் பிரிந்து நிற்கும் சிறகுகளை வட்டார வழக்கில் ‘ரெச்சே’ என்பார்கள். வெயில் நன்றாகப் பட்ட பகுதி அது. ரெச்சோத்தோ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

பறிப்பில் செய்யும் பிழையைப் பரணில் திருத்த முடியாது. மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். காலைப் பனி காய்ந்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பெட்டியில் ஒரே அடுக்கு, 5 முதல் 6 கிலோ. மேலே இன்னொரு அடுக்கு கூடாது. இலை ஒட்டியிருந்தால் எடுத்துவிட வேண்டும், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சர்க்கரை அளவு 18 முதல் 20 பிரிக்ஸ் (100 கிராம் சாறில் ஏறக்குறைய இத்தனை கிராம் சர்க்கரை) போதும். மிகப் பழுத்ததைப் பறித்தால் புளிப்பு குறைந்திருக்கும். மூன்று மாதம் கழித்து வரும் ஒயின் ஜாம் போல இனித்துத் தளர்ந்துகிடக்கும்.

மூன்றாம் படி: பரண்

ஒயினின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. வாட்டும் கூடத்தை ஃப்ருத்தாயோ என்பார்கள்: மேட்டில், காற்று வீசும் திசைக்குச் சன்னல் வைத்த மாடிப் பரண். முன்பு நாணலும் மூங்கிலும் வேய்ந்த ‘அரெலே’ தட்டிகளில் பரப்பினார்கள். பட்டுப்புழு வளர்க்கப் பயன்பட்ட தட்டிகள்தான் அவை. இன்று பெரும்பாலும் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள். கழுவ எளிது, பூஞ்சை தங்காது. தட்டிதான் மரபு என்று உருகுபவர்கள் உண்டு. மரநாரில் ஒளிந்துகொள்ளும் பூஞ்சை வித்துகள் மரபு பார்ப்பதில்லை.

முதல் 48 மணி நேரம் மின்விசிறிகள் நிற்காமல் ஓட வேண்டும். தோல்மேல் ஒட்டிய ஈரம் போக வேண்டும், காம்பின் வெட்டுவாய் காய வேண்டும். அதன்பின் ஈரப்பதமானியைப் பார்த்து நடத்தலாம்: காற்றின் ஈரப்பதம் 80%-ஐ நெருங்கினால் சன்னலைச் சாத்தி விசிறியைப் போடு, வெளியே காய்ந்த காற்று வீசினால் சன்னலைத் திற, விசிறியை நிறுத்து. காற்றைச் சூடாக்கி ஈரம் போக்கும் கருவிகளுக்கு விதியில் இடமில்லை. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வேகமாக நீர் வற்றினால் சர்க்கரை மட்டும்தான் செறியும். மெல்ல வாடும்போது மணி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சுவிட்டு, புளிப்பு தரும் மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது, வாசனைப் பொருள்கள் மாறுகின்றன, தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் போன்ற பொருள்கள் கூடுகின்றன. முப்பது நாளில் வறண்ட திராட்சையும் நூறு நாளில் வாடிய திராட்சையும் ஒரே பிரிக்ஸ் காட்டலாம். ஆனால் முதலாவதில் செய்த ஒயினில் பச்சைக் காம்பின் துவர்ப்பு நிற்கும்.

எவ்வளவு வாட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: பறிக்கும்போது 18.5 பிரிக்ஸ் என்றால் 100 கிலோவில் சுமார் 18.5 கிலோ சர்க்கரை. எடை 68 கிலோவாகக் குறைந்தால், அதே சர்க்கரை இப்போது 27%-க்குச் சற்று மேல். மூச்சில் கொஞ்சம் செலவாகியிருக்கும் என்பதால் 26 முதல் 27 பிரிக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 270 கிராம். 17 கிராம் சர்க்கரைக்கு 1% சாராயம் (ஆல்கஹால்) என்ற கணக்கில் 15.9%. அமரோனேவுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 14%. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 15 முதல் 16.5%-க்குள்.

எடையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கூடத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு பெட்டியைக் குறித்துவைத்து, பெட்டியின் சொந்த எடையைக் கழித்து, வாரம் ஒருமுறை தராசில் வைக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் பின்தங்கினால் அங்கே காற்று போகவில்லை. அடுக்கை மாற்றி வை.

வாரம் ஒருமுறை கொத்துகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பொடிபோல் படர்ந்தால் அது பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை. ஈரம் மிகுந்த இடத்தில் இது வெறும் அழுகல். கொத்தை எடுத்து வெளியே போடுவதே வழி. வறண்ட குளிரில் சில மணிகளில் மட்டும் மெல்லிதாக வந்தால், கிளிசரால் கூடி ஒயினுக்கு ஒரு வழவழப்பைத் தரும். பழைய காலத்து அமரோனேவில் அதற்குப் பங்கு இருந்தது. ஆனால் அந்தப் பூஞ்சை விடும் லாக்கேஸ் என்ற நொதி சிவப்பு நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். அதனால் இன்று பெரும்பாலோர் அடியோடு ஒதுக்குகிறார்கள். பச்சைப் பூஞ்சை வந்தால் யோசிக்கவே வேண்டாம், மண்வாடை ஒரு தொட்டி முழுக்கப் பரவும். புளித்த காடி வாடை வந்தால் எங்கோ மணிகள் உடைந்து பழ ஈக்கள் மொய்க்கின்றன என்று பொருள்.

வழக்கமான ஆண்டுகளில் டிசம்பர் 1-க்கு முன் பிழிய அனுமதியில்லை. 100 முதல் 120 நாள் என்பது பொதுவான கணக்கு. கொத்து முடிவில் லேசாக, காம்பு பழுப்பாகிக் காய்ந்து, அசைத்தால் சலசலக்க வேண்டும்.

நான்காம் படி: நொதித்தல்

சாதாரணச் சிவப்பு ஒயின் பத்து நாளில் நொதித்து முடியும். இதற்கு 30 முதல் 50 நாள் ஆகும். ஜனவரி, பிப்ரவரிக் குளிரில், பாகு போன்ற சாறில், ஈஸ்ட் மூச்சுத் திணறித்தான் வேலை செய்கிறது. சர்க்கரை அழுத்தம் தொடக்கத்தில் நெருக்கும், சாராயம் முடிவில் நெருக்கும்.

காம்பை நீக்கி, மணியை லேசாக உடைத்தால் போதும். கந்தக டை ஆக்சைடு லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம். கூழ் 5 முதல் 8 டிகிரி குளிரில் சில நாள் கிடக்கும். அப்போதே தோலின் நிறமும் மணமும் இறங்கத் தொடங்கும். பிறகு 16%-க்கு மேல் சாராயம் தாங்கும் ஈஸ்ட்டைத் தேர்ந்து, 100 லிட்டருக்கு 30 முதல் 40 கிராம். சாதாரண ஒயினுக்கு 20 கிராம் போதும், இங்கே கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாறைக் கலந்து பழக்க வேண்டும். ஊறிய ஈஸ்ட்டுக்கும் தொட்டிக்கும் வெப்பநிலை வேறுபாடு 10 டிகிரிக்குள் இருக்கட்டும். 38 டிகிரியிலிருந்து நேரே 8 டிகிரிக் கூழில் கொட்டினால் பாதி செத்துவிடும். அதன் பலன் நாற்பதாம் நாள்தான் தெரியும்.

தொட்டி மெல்ல 12 டிகிரிக்கு ஏறி, பிறகு 18 முதல் 22 டிகிரிவரை போகலாம். மேலே மிதக்கும் சக்கையை நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும். அடர்த்திமானியைத் தினமும் பார்த்துக் குறித்துவை. நீரை 1.000 என்று கொண்டால், 1.115-க்கு அருகே தொடங்கி, முடிவில் 1.000-க்குக் கீழே இறங்க வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் 1.010. மூன்று நாளாக எண் அசையவில்லை, சக்கை மேலெழவில்லை என்றால் நொதித்தல் நின்றுவிட்டது. சாராயம் ஏற்கெனவே 14%-ஐத் தாண்டியிருக்கும், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை மிச்சமிருக்கும், அதன்மேல் லாக்டிக் பாக்டீரியா பாய்ந்தால் காடியமிலம் கிளம்பும். செய்ய வேண்டியது: சக்கையிலிருந்து ஒயினைப் பிரி, 18 முதல் 20 டிகிரிக்குச் சூடாக்கு, வேறொரு சிறு கலத்தில் புதிய ஈஸ்ட்டைச் சாராயத்துக்குப் பழக்கு. முதலில் சிறிது ஒயினும் நீரும் சர்க்கரையும் கலந்து கொடுத்து, ஒவ்வொரு நாளும் ஒயின் பங்கைக் கூட்டி, அது நுரைக்கும்போது தொட்டியில் சேர். ஈஸ்ட்டை நேரடியாகத் தொட்டியில் தூவினால் வீண்.

முடிந்ததும் மென்மையாகப் பிழிய வேண்டும். வாட்டுவதற்கு முன் 1,000 கிலோ இருந்த திராட்சைக்குக் கடைசியில் கிடைப்பது 400 லிட்டருக்குள். சட்டத்தின் உச்சவரம்பே 40%தான். சாதாரண ஒயின் என்றால் அதே திராட்சையில் 700 லிட்டர் வந்திருக்கும். விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

சக்கையைத் தூக்கி எறிவதில்லை. அதில் இன்னும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் நிறமும் உண்டு. அதன்மேல் இளம் வால்பொலிச்செல்லா ஒயினைச் சில நாள் ஊற்றிவைத்து எடுத்தால் சாராயமும் வாயில் தெரியும் கனமும் கூடும். அதுதான் ரிபாஸ்ஸோ. அந்தச் சக்கை தந்த அமரோனேவின் அளவைப்போல் இரண்டு மடங்குக்குமேல் ரிபாஸ்ஸோ செய்யக் கூடாது என்பது விதி.

ஐந்தாம் படி: பீப்பாய்

அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1-இலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு ஊற வேண்டும். கூடுதல் காலம் ஊறும் ‘ரிசெர்வா’ என்றால் அறுவடை ஆண்டின் நவம்பர் 1-இலிருந்து நான்கு ஆண்டு. குரோஷியாவின் ஸ்லாவோனியப் பகுதி ஓக் மரத்தில் செய்த பல ஆயிரம் லிட்டர் பெரும்பீப்பாயா, ‘பாரிக்’ எனும் 225 லிட்டர் பிரெஞ்சு சிறுபீப்பாயா என்பது ஊரில் ஓயாத விவாதம். பெரும்பீப்பாய் மரவாசனையைத் திணிக்காது. காற்றை மெல்ல உள்ளே விடும். ஒயின் தயாரிப்பாளர் ஜுசெப்பே குவின்தாரெல்லி அந்த வழியில் நீண்ட ஆண்டுகள் ஊறவைத்தவர். இல்லாசி பள்ளத்தாக்கின் ரொமானோ தால் ஃபோர்னோ புதிய சிறு பீப்பாய்களுக்குப் பெயர்பெற்றவர். அவருடையது கரும்சிவப்பான, இறுகிய ஒயின். இரண்டுமே நல்லவைதான். ஆனால் சுமாரான ஒயினைப் புதிய ஓக்கில் போட்டால் வனிலாவும் கிஸ்மிஸும் சேர்ந்து திகட்டும். இந்தக் குறை இன்று கடைகளில் அதிகம்.

வாங்கும்போது

பாட்டிலில் ‘அமரோனே தெல்லா வால்பொலிச்செல்லா’ என்ற முழுப் பெயரும், கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைப் பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அப்பஸிமெந்தோ’ என்று மட்டும் போட்டிருந்தால் அது அமரோனே அல்ல. இத்தாலியின் எந்த மூலையிலும் கொஞ்சம் வாட்டிய திராட்சை சேர்த்த ஒயினாக இருக்கலாம். ரிபாஸ்ஸோவை ‘குட்டி அமரோனே’ என்று விற்பார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் அதற்கு ரிபாஸ்ஸோவின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரை மிஞ்சுவது இயல்பு. நாக்கில் தெளிவாகவே இனித்தால் அது ரெச்சோத்தோ பக்கம் சாய்ந்துவிட்டது.

ஊற்றும்போது

16 முதல் 18 டிகிரி. வெப்பமான அறையில் வைத்த பாட்டிலை அப்படியே ஊற்றினால் சாராயம் மூக்கைக் குத்தும்; குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் சரியாகும். இளம் பாட்டிலை ஒரு மணி நேரம் முன்பே திறந்து, அகன்ற குடுவைக்கு மாற்றலாம். இருபது ஆண்டு பழையது என்றால் முந்தைய நாளே செங்குத்தாக நிறுத்தி வண்டலைப் படியவிட்டு, அசைக்காமல் ஊற்றுங்கள். ஒரு கிண்ணத்துக்கு 100 மில்லி போதும். 16% ஒயினில் ஒரு பாட்டிலுக்கு 120 மில்லி தூய சாராயம் இருக்கிறது, 12.5% ஒயினில் 94. செறிவை மறந்து குடிப்பவர் மறுநாள் காலை நினைத்துக்கொள்வார்.

நல்ல பாட்டிலில் காய்ந்த செர்ரி, அத்திப்பழம், கோகோ, லேசாகப் புகையிலை, கடைசியில் மெல்லிய கசப்பு. நகப்பூச்சு வாடை பளிச்சென்று அடித்தால் காடித்தன்மை மிகுந்துவிட்டது. ஈர மண், காளான் வாடை என்றால் பரணில் அழுகிய கொத்துகளை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். ஊறிய கிஸ்மிஸ் மட்டும் தெரிந்து புளிப்பே இல்லை என்றால் தாமதமாகப் பறித்தது.

வெரோனாவில் இதை நீண்டநேரம் வேகவைத்த இறைச்சியோடும், முதிர்ந்த மோந்தே வெரோனேசே பாலாடைக் கட்டியோடும் வைப்பார்கள். பாட்டில் மிஞ்சினால் இறுக மூடிக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குமேல் ரிசோத்தோ என்ற இத்தாலிய அரிசி உணவுக்குத்தான். நான்கு பேருக்கு வியலோனே நானோ அரிசி 320 கிராம், அமரோனே 400 மில்லி, கொதிக்கும் இறைச்சி வடிநீர் ஒரு லிட்டர். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, அரிசியைச் சூடேறப் புரட்டி, தனியே சூடாக்கிய ஒயினை மூன்று தவணையாக ஊற்றி வற்றவிடுங்கள். குளிர்ந்த ஒயினை ஊற்றினால் அரிசி வெளியே குழைந்து உள்ளே விறைத்துவிடும். பிறகு வடிநீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிளறி, 16 முதல் 18 நிமிடத்தில் அடுப்பை அணைத்து, 40 கிராம் வெண்ணெயும் 60 கிராம் துருவிய பாலாடைக் கட்டியும் போட்டு, இரண்டு நிமிடம் மூடிவைத்துப் பரிமாறுங்கள். நிறம் கத்திரிப்பூ ஊதாவில் வரும்.